யாருடைய தூண்டுதலும் இன்றி

பதினோரு மணிக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். மணி பன்னிரண்டேகால் ஆகியும் மூன்றாம் மாடியின் அந்தக் கதவு திறக்கிற வழியாகத் தெரியவில்லை. கதவில் 'உள்ளே கூட்டம் நடைபெறுகிறது. அமைதி காக்கவும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. டைப் அடித்தவனுக்கு வரியை நடுவில் நிறுத்தத் தெரியவில்லை, எழுத்தெல்லாம் இடது பக்கம் ஒண்டிக்கொண்டு கிடந்தது. வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவிலில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிற கண்ணுக்கு அதுதான் முதலில் படும். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய், தம்பி லிங்கதுரைக்குத் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுக்கச் சம்மதம் என்று கேமரா முன்னால் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் குழு அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இவ்வளவு பெரிய காரியத்தை வைத்துக்கொண்டு ஒரு தாளின் ஓரத்தைப் பற்றி நினைக்கிறோமே என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதே தவிர வெட்கம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவதுபோல இருக்குமே, மூன்று மாதமாக அவளுக்கு எல்லாம் அப்படித்தான் இருந்தது. பயமா என்றால் பயம் இல்லை. பாசமா என்றால், அது எங்கேயோ உள்ளே கிடக்கிறது என்று தெரிந்ததே ஒழிய கைக்கு அகப்படவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில், ஜன்னலோரமாக, லிங்கதுரை மாஸ்க் போட்டுக்கொண்டு பெண்டாட்டி சுகந்தியின் தோளில் சாய்ந்திருந்தான். கொடுக்கிறவர்கள் இங்கே, வாங்கிக்கொள்கிறவர்கள் அங்கே என்று நர்ஸம்மா பிரித்து உட்கார வைத்துவிட்டாள். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். இங்கே இரண்டு பக்கமும் ஒரே வீடு.

எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று அவள் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து தட்டி நின்றது. சித்திரை மாதம், பெரிய டாக்டரின் அறை, மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் கிட்னி பொம்மை. இரண்டும் போய்விட்டது, டயாலிசிஸ் எத்தனை நாளைக்கு, மாற்று வைத்தால்தான் ஆள் தேறும், அரசாங்கப் பட்டியலில் பேர் எழுதிவைத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டர், தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், "வீட்டுல யாருக்கு ஓ பாசிட்டிவ்?" என்றார். சுகந்தி தனக்கு பி என்றாள். வடிவு, "எனக்கு ஓ பாசிட்டிவ்தான்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. நாள் முழுக்கப் படிவம் பூர்த்தி செய்கிறவளுக்கு, ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது. தகப்பனார் பெயர், கதவு எண், ரத்த வகை, கேட்டால் சொல்லவேண்டியதுதானே. ஆனால் அடுத்த நிமிஷம் சுகந்தி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மதினி, மதினி" என்று விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள், டாக்டர் தலையைத் தூக்கிச் சிரித்தார், லிங்கதுரை தரையைப் பார்த்தான். நான் ரத்த வகையைத்தான் சொன்னேன் என்று அந்த இடத்தில் எந்த வாயால் சொல்வது? சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கீழத் தெருவுக்குச் செய்தி எட்டியிருந்தது. தம்பிக்கு உயிர் கொடுத்த மகராசி என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். கொடுக்கப்போகிறவள் என்றுகூட இல்லை, கொடுத்தவள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வந்தன. எடுக்கும் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது.

இடது பக்கத்தைத்தான் எடுப்பார்களாம். ஸ்கேன் பார்த்த பையன் சொன்னான், உங்களுக்கு இடதுதான் கொஞ்சம் பெரிசும்மா, எடுக்கவும் தோது. நாற்பத்து மூன்று வருஷமாக உள்ளே ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. இப்போது கை அடிக்கடி இடுப்புக்குப் போய்விடுகிறது. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது போகிறது, குழாயடியில் போகிறது. தொட்டால் சேலைதான், சேலைக்குக் கீழே சதைதான். மிச்சம் இருக்கிற சிறிசு ஒற்றையாளாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் அதுவே பெருத்துவிடும், கவலையே வேண்டாம் என்றார்கள். கவலைப்படவில்லை. அகல்யாவை நினைத்தாள். மகள் பிளஸ் டூ. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் மாதப் பரீட்சை. காலையில் கிளம்பும்போது, "நீ நல்லாத்தானம்மா வந்துருவ?" என்று கேட்டது. "பேசிட்டு வரத்தான் போறேன்" என்றாள் இவள். "இன்னிக்கு இல்ல. அன்னிக்கு" என்றது அது. ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்தியா என்று கேட்டு வைத்தாள் வடிவு. பிசிக்ஸ் பரீட்சைக்கு எதற்கு ஜாமெட்ரி பாக்ஸ்? உயிருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் மூன்று பேருக்குத்தான் என்று டாக்டர் ஏதோ சொன்னார். அந்த மூன்று பேரும் யாரோ ஒரு பிள்ளைக்கு அம்மாவாகத்தான் இருந்திருப்பார்கள். அகல்யாவுக்கு அப்பா கிடையாது. அதையும் டாக்டர் கேட்டார், கட்டத்தில் எழுதிக்கொண்டார், விதவை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ராஜபாளையம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சம்சாரம் ஒன்றரை வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறாள். இவ்வளவையும் கேட்காமலே சொல்லிவிட்டார். சுவரில் உறுப்பு தானம் செய்யச் சொல்லி ஒரு போஸ்டர் இருந்தது, இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு இதயம். அதைக் கையால் காட்டி, "இதெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா" என்றார். "தானம் பண்ணுங்க, தானம் பண்ணுங்கன்னா எவன் பண்ணுவான்? சட்டம் போட்டுறணும். செத்தா எடுத்துக்கிடுவோம், அவ்வளவுதான். யாரையும் கேக்கக் கூடாது. மண்ணுக்குப் போறது, நெருப்புக்குப் போறது, மனுஷனுக்குப் போனா என்ன?"

"வீட்டு ஆளுக சம்மதிக்கணும்லா" என்றாள் வடிவு. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

"அதத்தான் சொல்லுதேன். சம்மதிக்க மாட்டாக. எழவு வீட்டுல போய்க் கேட்டா எவன் சம்மதிப்பான்? கேக்கதே தப்பு. ஹெல்மெட்டு போடுன்னு கேட்டா போட்டாக? சட்டம் போட்டதுக்கு அப்புறந்தான போட்டாக." கண்டக்டர் குரலைத் தணித்தார். "எனக்குச் சுகர். குடுக்க முடியாதுன்னுட்டாக. ரெண்டு மகன் இருக்கான். நல்ல பயலுகதான். ஆனா நான் கேக்கல பாத்துக்கிடுங்க. எப்படிம்மா கேக்க? வாய் வராதுல்லா. அவனுகளும் நான் கேட்டுருவேனோன்னு இப்பல்லாம் போன் பேசினா மழை பெஞ்சுதா, மாடு கன்னு போட்டுச்சான்னு பேசிட்டு வச்சிருதானுக. அதான், சட்டம்னு ஒண்ணு இருந்தா யாரும் யாரையும் கேக்க வேண்டாம் பாருங்க."

"உயிரோட இருக்கவங்களுக்கும் சட்டம் போட்டுருவாகளா?" என்றாள் வடிவு.

அவர் சிரித்தார். கள்ளம் கபடம் இல்லாத சிரிப்பு. "உயிரோட இருக்கவங்களுக்குச் சட்டம் எதுக்குத் தாயி? அதான் வீட்டுப் பொம்பளைங்க இருக்காகளே. இந்த மாடியில எண்ணிப் பாத்தேன். குடுத்தவுக எட்டுப் பேர், எட்டும் அம்மா, பெண்டாட்டி, அக்கா, தங்கச்சி." சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டார், பிறகு சம்சாரத்துக்கு இளநீர் வாங்கணும் என்று எழுந்து போய்விட்டார். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் ஆகாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

செத்தா எடுத்துக்கிடுவோம். யாரையும் கேக்கக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால்? அவள் புருஷன் நயினார் பனவடலிசத்திரம் பக்கம் மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தார். தலையில் அடி. நாலாம் நாள் மத்தியானம், மூளை செத்துவிட்டது, இனி மிஷின்தான் மூச்சு விடுகிறது என்றார்கள். தொட்டால் சூடாக இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மூன்று நாள் தாடி. செத்தவருக்குத் தாடி வளருமா என்று அவள் யாரிடமாவது கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அப்போது ஒரு பெண் பிள்ளை வந்தது, ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வடிவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டியது. "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும், நீங்க வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல" என்றது. ரெண்டு பேருக்குக் கிட்னி கிடைக்கும், ஒருத்தருக்குக் கல்லீரல், கண்ணு ரெண்டு பேருக்கு. வடிவு அந்தப் பிள்ளையின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் லிங்கதுரை வந்து நடுவில் நின்றான். "வேண்டாம்மா. முழுசா வந்தாரு, முழுசா போகட்டும். எங்க அக்காவ ஒண்ணும் கேக்காதீக." அந்தப் பிள்ளை எழுந்து போய்விட்டது. அன்றைக்கு அவன்மேல் எவ்வளவு நன்றி வந்தது! அப்பா போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது, இவளுக்கு இருபத்திரண்டு. அவன்தான் மாப்பிள்ளை பார்த்தான், அவன்தான் பந்தல் போட்டான், அகல்யாவுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைவிடச் சத்தமாக அழுதவன் அவன். இவள் பேசவேண்டிய இடத்திலெல்லாம் அவன் பேசினான். பேசத் தெரியாதவளுக்குப் பேசுகிற தம்பி வாய்த்ததே கொடுப்பினை என்றுதான் இருந்தாள். அன்றைக்குத் தன்னைக் கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம்? இதுதான் அவளுக்கு இந்த மூன்று மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. சரி என்றிருப்பாளா? நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வேண்டாம் அவளுடைய வேண்டாம் இல்லை. அந்த இரண்டு பேர் இருக்கிறார்களே, நயினாரின் கிட்னிக்காக எங்கேயோ ஊரில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், போன் அடிக்காமலே போனவர்கள். எட்டு வருஷமாக அவர்களுக்கு முகம் இல்லாமல் இருந்தது. சித்திரைக்கப்புறம் அதில் ஒருவருக்கு லிங்கதுரையின் முகம் வந்துவிட்டது. இதை அவனிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அவன் தாங்குவானா? உன்னைப்போல ஒருத்தன் அன்றைக்கு அத்தானுக்காகக் காத்துக்கிட்டு இருந்தான்டே என்று.

கேட்காமல் எடுத்திருந்தால் நிம்மதி என்றும் ஒரு நினைப்பு ஓடியது. சர்க்கார் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கும், லிங்கதுரையும் வேண்டாம் என்றிருக்க மாட்டான், அவளும் வாய் திறக்க வேண்டியதில்லை, இரண்டு பேர் பிழைத்திருப்பார்கள். கண்டக்டர் சொல்வது சரிதான். சரியென்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அந்த மூக்குத்திப் பிள்ளை வராமல், தண்ணீர் பாட்டிலை நீட்டாமல், ஒரு வார்த்தை இல்லாமல் நயினாரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. அவரும் போய், கேட்பதற்கு ஒரு ஆளாகக்கூட அவள் இல்லாமல் போய். புத்தி ஒரு பக்கம் போகிறது, மனசு ஒரு பக்கம் போகிறது. நடுவில் அவள் இந்த இரும்பு நாற்காலியில்.

பத்திர எழுத்தரிடம் அதிகம் அடிப்பது விடுதலைப் பத்திரம்தான். அப்பா போனபின் அக்கா தங்கச்சிகள் வீட்டில் தங்களுக்குள்ள பாகத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. 'நான் நல்ல சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றியும், என் முழு மனதுடன் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்.' இந்த வரியை அவள் விரல் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். அடித்து முடிக்கும்போது அந்த முழு மனதுக்காரி பெஞ்சில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து, கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருப்பாள். உள்ளே சார்பதிவாளர், சம்மதமாம்மா என்பார், அவள் தலையாட்டுவாள், பெருவிரலில் மை தடவுவார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒருத்தி, கரிவலத்துக்காரி, சம்மதமாம்மா என்று கேட்டதும், "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். குடும்பமே பின்னால் ஓடியது. ஆபீசில் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், வடிவும் சிரித்தாள். இவளும் அப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தவள்தான். தம்பிக்குத்தானே, வேறு யாருக்கு. தானே டைப் அடித்து, தானே பிழை திருத்தி, தானே கையெழுத்துப் போட்டாள். அதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் போன மாதம் ஆஸ்பத்திரிப் படிவத்தை இங்கே கவுண்ட்டர் பையன் தப்புத் தப்பாக எழுதுகிறான் என்று பிடுங்கி, தானே குண்டு குண்டாகப் பூர்த்தி செய்தாளே, அங்கேயும் அந்த வரி இருந்தது. எந்தக் கட்டாயமும் இன்றி. தன் பெயரை எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பத்திரம் எழுத வந்த யாரோ ஒரு கட்சிக்காரருக்கு எழுதுவதுபோல எழுதினாள். எழுத்து அழகாக இருக்கிறது என்று அந்தப் பையன் பாராட்டினான்.

இதில் இன்னொரு கூத்து. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால், அவள் சுயமாகத்தான் சம்மதிக்கிறாள் என்று சொல்ல, நோயாளியைத் தவிர வேறொரு ஆளும் வர வேண்டுமாம். அவளுக்கு இஷ்டம் என்று சொல்ல இன்னொருத்தர். லிங்கதுரை அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டான். சுகந்தியின் சித்தப்பா, கடையநல்லூர்க்காரர், வடிவு அவரை இரண்டு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். காலையில் பஸ்ஸில் நாலு மணி நேரம் பக்கத்து சீட்டில் வந்தார். அவள் மனசைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த மனுஷன் அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், விருதுநகரில் வடை நல்லாருக்கும், ஒண்ணு வாங்கட்டுமா என்று. இப்போது கீழே கேன்டீனில் இருக்கிறார்.

கேட்டவர் இல்லாமலும் இல்லை. கொடுக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு டாக்டரம்மா. போன வியாழக்கிழமை சுகந்தியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "உங்களுக்கு இஷ்டமில்லைன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. உங்க கிட்னி சரிப்படாதுன்னு எழுதிடறேன். வீட்டுல யாருக்கும் தெரியாது, உங்க மேல யாருக்கும் வருத்தம் வராது. கூட்டத்துக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் சொல்லலாம்." நல்ல மனுஷி. அந்தக் கண்ணில் அத்தனை கனிவு. வடிவு, "சரிங்க டாக்டர்" என்றாள். எதற்குச் சரி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில், டாக்டரம்மா காட்டிய கதவு மனசுக்குள் திறந்தே கிடந்தது. அதன் வழியாகப் போய்விடலாம். கிட்னி சரியில்லையாம், பாவம், அவளுக்குக் கொடுக்க ஆசைதான் என்று ஊரே சொல்லும், சுகந்தி கையைப் பிடித்து அழுவாள், லிங்கதுரை, விடுக்கா, நீ என்ன செய்வ என்பான். திருவேங்கடம் தாண்டும்வரை சுகமாக இருந்தது. அப்புறம் கசந்தது. நயினாருக்கு வேண்டாம் என்றதும் இன்னொரு வாய். இன்றைக்கு வேண்டாம் என்பதும் இன்னொரு வாயா? என்னுடைய இல்லையைக்கூட நான் சொல்லக் கூடாதா, அதையும் டாக்டர்தான் எழுத வேண்டுமா? கோபம் வந்தது. வந்த கோபம் டாக்டர்மேல் நிற்காமல், லிங்கதுரைமேலும் நிற்காமல், சுற்றிச் சுற்றி அவள்மேலேயே வந்து உட்கார்ந்தது, பிறகு அதுவும் மரத்துப்போய்விட்டது. இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. இன்னும் சொல்லலாம். டாக்டரம்மாவின் அறை இரண்டு கதவு தள்ளித்தான். எழுந்து பத்தடி நடந்தால் போதும். அவள் எழவில்லை. மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தரேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கனத்தில் இருந்தன.

"சண்முகவடிவு யாரு? உள்ள வாங்க."

உள்ளே ஏசி குளிர்ந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த கிராப்புத் தலையோடு வயதான ஓர் அம்மாள், அவர்தான் குழுத் தலைவி. ஓரத்தில் ஒரு பையன் கேமராவோடு நின்றான். பெயர் கேட்டார்கள், சொன்னாள். உறவு கேட்டார்கள். உடன் பிறந்த தம்பி. ஆபரேஷனில் என்னென்ன ஆபத்து என்று தெரியுமா என்றார்கள். தெரியும், பத்தாயிரத்தில் மூன்று பேர். பணம், நகை, சொத்து என்று யாராவது ஆசை காட்டினார்களா? இல்லை. கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. எல்லாம் உண்மை. பேனா ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்தது.

"உங்க சொந்த விருப்பத்துலதான் குடுக்கறீங்களா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பதினெட்டு வருஷமாக அடித்த வரி, எடுத்து வைக்க வேண்டியதுதான். வடிவு வாயைத் திறந்தாள். வரி வரவில்லை.

"என்னைய யாரும் கேக்கலங்க" என்றாள்.

"நாங்கதான் கேக்கறோமேம்மா."

"நீங்க கேக்கதுக்குத்தான் இருக்கீக. அவன் கேக்கல. என் தம்பி. நான் ரத்தம் ஓ பாசிட்டிவ்னு சொன்னேன், அதுக்குள்ள எல்லாம் முடிவாயிட்டு. மூணு மாசமா எல்லாரும் எனக்கு நன்றி சொல்லுதாக. ஒருத்தர்கூட, தருவியான்னு கேக்கல."

பேனா நின்றது. தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், கேமராவை நிறுத்தச் சொன்னார். "இன்னிக்கு விட்டா அடுத்த கூட்டம் ரெண்டு வாரம் கழிச்சு. அவருக்குக் கையில டயாலிசிஸ் ஊசி போடற ரத்தக்குழாய் ரெண்டாவது தடவையா அடைச்சிருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்க."

"ஆமா." சொல்லிவிட்டுக் கதவைக் காட்டினாள். "அவனக் கூப்பிடுங்க. அவன் கேக்கட்டும்."

லிங்கதுரை உள்ளே வந்தான். மாஸ்க்குக்கு மேலே கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது, நாலு அடி நடந்ததற்கு மூச்சு வாங்கியது. யார் முகத்தையும் பார்க்குமுன்னே, "அக்காவுக்குப் பூரண சம்மதங்க மேடம். அவ கொஞ்சம் பயந்த சுபாவம், எழுதிக்கோங்க" என்றான்.

"உங்கள நான் கேக்கல" என்றார் அந்த அம்மாள்.

லிங்கதுரை அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னக்கா? எல்லாம் பேசி முடிச்சதுதான?"

"யாரு பேசினா, லிங்கம்?"

அவன் வாயைத் திறந்தான். யார் பேசினார்கள் என்று யோசிக்கிறான் என்று அவன் நெற்றியிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. சித்திரையிலிருந்து ஒவ்வொரு நாளாகப் புரட்டுகிறான். எங்கேயாவது ஒரு இடத்தில் கேட்டிருப்போம் என்று தேடுகிறான். தேடத் தேட முகம் மாறிக்கொண்டே போயிற்று. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தான்.

"அத எப்படிக்கா கேக்கது?" என்றான். "கேட்டா நீ இல்லைன்னு சொல்ல மாட்ட. அது தெரிஞ்சுதான் கேக்கல."

"கேட்டுத்தான் பாரேன்."

பேனா வைத்திருந்தவர் மணியைப் பார்த்தார், தலைவி அம்மாள் கையமர்த்தினார். லிங்கதுரை மாஸ்க்கின் நாடாவை விரலில் சுற்றினான். இத்தனை வயதில் அக்காவிடம் அவன் எதையும் கேட்டதே இல்லை, செய்திருக்கிறான், சொல்லியிருக்கிறான், முடித்து வைத்திருக்கிறான்.

"உன் கிட்னில ஒண்ணு எனக்குத் தருவியாக்கா?"

கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. வடிவுக்கு மரத்துக் கிடந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வலிக்க ஆரம்பித்தது. பயம் வந்தது, நிஜமான பயம். இவன் செத்துப்போவான் என்பது வந்தது. அகல்யா வந்தாள். நயினாரின் தாடி வந்தது. இவன்மேல் பாசம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எல்லாம் அவளுடையது. இதை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

"எத்தன நாளு?"

"தெரியலடே. மாட்டேன்னும் சொல்லுவேன். மாட்டேன்னா நானே உங்கிட்ட வந்து சொல்லுவேன். டாக்டர் சொல்ல மாட்டாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரிக்கா" என்றான். தலைவி அம்மாள் தாளில் ஒரு வரி எழுதி, தேதி போட்டு, கோப்பை மூடினார்.

வெளியே வரும்போது லிங்கதுரைக்குக் கால் தள்ளாடியது, வடிவு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை சூடாக, வீங்கி, கனமாக இருந்தது. சுகந்தி ஓடி வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னாச்சுங்க? சரின்னுட்டாகளா? செவ்வாய்க்கிழமைதான?" என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள்.

லிங்கதுரை பதில் சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான்.

"எங்கிட்ட கேக்காத" என்றான். "அக்காவக் கேளு."